பல்லுக்குக் கறுப்பிட்ட பெண்கள்

தலைமுடியில் கட்டிய சிறு மரச்சீட்டு. அதில் ஒரு பெயர். மெல்பர்னில் ஜப்பானிய வரலாற்று ஆய்வு மாணவியாக இருந்தபோது நான் அதிகம் பார்த்த படம் அது. இடைக்கால ஜப்பானில் முற்றுகைக்குள்ளான ஒரு கோட்டையில், தங்கள் வீரர்கள் வெட்டிக் கொண்டுவந்த எதிரிகளின் தலைகளைப் பெண்கள் கழுவி, வாரி, பெயர்ச்சீட்டுக் கட்டினார்கள். அரசவைப் பிரபுக்களும் உயர்குடி வீரர்களும் பற்களைக் கறுப்பாக்கிக்கொள்வது அக்கால வழக்கம். அதனால் சாதாரணத் தலைகளுக்கும் பல்லில் கொஞ்சம் கறுப்புப் பூசச் சொல்லி வீரர்கள் அவர்களிடம் கெஞ்சுவார்களாம். கறுத்த பல் என்றால் பெரிய தலை. பெரிய தலைக்குப் பெரிய வெகுமதி. ஒரே தீற்றலில் செத்தவனின் தகுதி மாறிவிடும்.

அப்போது நான் பகுதிநேர மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தேன். ஒருநாள் காலை, அகதி விசா நேர்காணல். இலங்கையின் வன்னியிலிருந்து வந்த அன்ரி ஒருவர் மடியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தார். போரின் கடைசி மாதங்களில் என்ன வேலை செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"ஆஸ்பத்திரியில செத்துப்போன எங்கட பெடியளைக் கழுவித் துடைச்சு, பேர் எழுதிக் கட்டினனான், பிள்ளை."

நான் மதுரைக்காரி. பெடியள் என்றால் பையன்கள் என்று தெரியும். இயக்கத்துப் போராளிகளையும் அப்படித்தான் சொல்வார்கள் என்றும் தெரியும். அந்த 'எங்கட'வைச் சொன்னால் அவரையும் இயக்கத்தில் சேர்த்து எழுதி, விசாவை மறுத்துவிடுவார்களோ? விட்டுவிட்டால் அவர் வெறும் ஆஸ்பத்திரி ஊழியர். அந்தக் கோட்டைப் பெண்களின் கையிலிருந்த மைக்கிண்ணம் இப்போது என் கையில் இருப்பதுபோல் பயந்தேன். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. 'எங்கள் பையன்கள்' என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதிகாரி நிமிராமல் எழுதிக்கொண்டார்.

முடிவை எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். நாங்கள் கேட்கவும் கூடாது. பல மாதங்கள் ஆய்வேட்டில் ஒரு பக்கமும் நகரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, மெல்பர்னின் மல்கிரேவ் பகுதியில் ஒரு பிறந்தநாள் விழாவில் அந்த அன்ரியைப் பார்த்தேன். முதலில் மறுத்துவிட்டு, மேல்முறையீட்டில்தான் விசா கொடுத்தார்களாம்.

"எங்கட பெடியள் எண்டா ஆரெண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவை," என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னதைத்தானே நீங்களும் சொன்னனீங்கள், பிள்ளை. சிங்கள ஆமிக்காரப் பெடியன் ஒருத்தனும் அங்க கிடந்தவன். அவனையும் கழுவினனான். எங்கட பெடியள் எண்டு அவனையும் சேர்த்துத்தான் சொன்னனான்."

நான் மொழிபெயர்த்ததில் பிழையில்லை. ஆனால் அவர் சொன்னது என்னவென்று அன்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை. இப்போதும் யாருக்காவது மொழிபெயர்க்க உட்கார்ந்தால், முதல் சொல் வாயிலிருந்து வருவதற்குள் அந்த 'எங்கட' நினைவுக்கு வந்துவிடுகிறது.