கிரிண்டெல்வால்டில், அமெரிக்க ஜனாதிபதியோடு இவர் நிற்கும் படம்

இவரின் ஆண்டுத்திவசத்துக்கு வைக்க நல்ல படம் ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லாப் படத்தையும் எடுத்தவர் இவர்தான். அதனால் ஒன்றிலும் ஆள் இல்லை. அதற்காகத்தான் 2016 மாசியில், திவசத்துக்கு ஒன்பது நாள் இருக்க, மகள் சுபாவும் நானும் சுவிஸ் மலையூரான கிரிண்டெல்வால்டுக்குப் போனோம். இவர் சமையலறையில் வேலைசெய்த ஹோட்டல் அங்கே. விடுமுறைக்கு வந்த முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஒருவரோடு தான் நிற்கும் படம் அங்கே மாட்டியிருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லுவார். என்னை மட்டும் ஒருநாளும் கூட்டிப்போகவில்லை.

நாங்கள் இருக்கும் சோலோதுர்னில் காலை ஏழேகாலுக்கு ரயில் ஏறி, பேர்னிலும் இன்டர்லாக்கனிலும் மாறி, பத்தேகாலுக்கு இறங்கினோம். அரைக் கட்டண ஹால்ப்டாக்ஸ் அட்டையோடு ஆளுக்குப் போகவர 58 பிராங்க். மழையும் பனியும் கலந்து கொட்டியது. மலை ஒன்றும் தெரியவில்லை. ஹோட்டலுக்கு இருபது நிமிட ஏற்றம். முருகா முருகா என்று ஏறினேன்.

இவரோடு வேலைசெய்த தவராசா எங்களைச் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். சுவரில் வரிசையாகப் படங்கள். ஜனாதிபதி பனியில் குப்புற விழுந்து கிடக்கிறார். மனைவி நெருப்படியில் சீட்டு விளையாடுகிறார்.

"மனுசனுக்குச் சறுக்க வராது, மனுசிக்குச் சீட்டில தோக்க வராது," என்றார் தவராசா. "பின்னேரமானால் ரெண்டு பேருக்கும் அகோரப் பசி."

மூன்றாவது படத்தில் இவர். தோளில் ஜனாதிபதியின் கை. இவர் கையில் நீளக் கத்தி. முன்னால் வாட்டிய மாட்டுத் தொடை.

"இவர் மரக்கறி வெட்டுறவர் எல்லோ?" என்றேன்.

"ஆர் சொன்னது? இருபது வருசமா இறைச்சிப் பக்கம் அண்ணைதான். உங்களுக்குத் தெரியாதோ அக்கா?"

எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. லீவுக்கு வந்தால் இவர் பையை வைத்ததும் குளிப்பார், மார்கழிக் குளிரிலும் இரண்டு தரம். களைப்புப் போக என்பார். எனக்குப் பயந்து குளித்திருக்கிறார். படத்தில் பல்லுத் தெரியச் சிரிக்கிறார். வீட்டில் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

சுபா அதைப் போனில் எடுத்துக்கொண்டாள். திரும்பும் ரயிலில் மெல்லக் கேட்டாள்: "அம்மா, கத்தியையும் இறைச்சியையும் வெட்டிவிடட்டோ? முகம் மட்டும் காணும்."

போனை வாங்கி அந்தச் சிரிப்பை இன்னொருதரம் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "வெட்டாதை. முழுசா வை. ஐயர் கேட்டால் நான் கதைக்கிறன்."

போக நினைப்பவர்களுக்கு: படங்களைப் பார்க்க அறை எடுக்கத் தேவையில்லை, ஒரு கோப்பி குடித்தால் போதும், 5 பிராங்க் 20. பன்னிரண்டுக்கு முன் போங்கள், பிறகு மண்டபம் நிறைந்துவிடும். சைவக்காரர் சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது. உங்கள் மனுசன் வேலைசெய்யும் இடமென்றால், அவர் இருக்கும்போதே போங்கள். அந்த ஏற்றத்தில் பிடிக்க ஒரு கை வேண்டும்.