கதவை அடைத்து நின்ற ரவுட்டர்

வங்காளத்து நியூ டவுனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், அடுப்படியிலிருந்து பார்த்தால் படுக்கையறை தெரியாது. பத்து மாத மகளைத் தரையில் விட்டுவிட்டு நிமிடத்துக்கொரு தரம் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அதனால்தான் பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, ஒரு வெப்கேமும் பொம்மைக் காரின் சக்கரங்களும் பொருத்தினேன். செல்போனில் அம்புக்குறியை அழுத்தினால் அவள் பின்னாலேயே போகும்.

"எட்டடி வச்சா பெட்ரூம். அதுக்கு ஒரு ரோபோவா, இன்ஜினீயரம்மா?" என்றார் கணவர். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இருந்தும் செய்தேன்.

ஒரு நாள் அவர் அலுவலகம் போனபின் சமைத்துக்கொண்டிருந்தேன். திரையில் மகள் கதவைப் பிடித்து நின்றாள். கிட்டே போக அழுத்தினேன், படம் உறைந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்த் தள்ளினால் இரண்டு விரல் அளவுதான் திறந்தது. கதவுக்கும் கட்டில் காலுக்கும் நடுவில் ரோபோ சிக்கியிருந்தது. அதன் சக்கரத்தை அவள் பிடித்திருந்தாள். பலமாகத் தள்ளினால் விரல் நசுங்கும்.

கட்டிலடியில், மழை ஈரத்துக்காக முந்தின நாள் நான் போட்ட அந்துருண்டைகள்.

பின்னால் நகர்த்த அழுத்தினேன். மோட்டார் மின்சாரத்தை இழுத்ததும் ரவுட்டர் அணைந்து, முதலிலிருந்து எழுந்தது. ஒன்றரை நிமிடம். மறுபடி அழுத்தினேன், மறுபடி அணைந்தது. இரண்டுக்கும் ஒரே பேட்டரி. தனித்தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது படித்ததுதான். அடுத்த வாரம் மாற்றலாம் என்றிருந்தேன்.

எதிர்வீட்டு பௌதியைக் கூப்பிட்டு வந்தேன். இங்கே அண்ணியை அப்படித்தான் அழைப்பார்கள்.

"கீ ஹோலோ?" என்ன ஆச்சு என்று கேட்டபடி இடுக்கில் எட்டிப் பார்த்தவர், இந்தியில் அதட்டினார். "போனைக் கீழே போடு முதல்ல. பிள்ளையைக் கூப்பிடு. கையில என்னவோ வச்சிருக்கா."

"வெள்ளையா இருக்கா, பௌதி?"

"தெரியலையேம்மா."

கூப்பிட்டேன், பாடினேன், கெஞ்சினேன். அவள் கேமரா வயரைப் பிடித்து இழுத்தாள். ரோபோ குடைசாய்ந்து நகர்ந்தது. கதவு திறந்தது.

கையில் இருந்தது நான் சரியாக முடுக்காத ஒரு நட்டு. அவள் வாயைத் திறந்து முகர்ந்தேன். பால் வாசனைதான். பௌதியையும் முகரச் சொன்னேன். கட்டிலடியில் ஐந்து உருண்டைகள் கிடந்தன.

"எத்தனை போட்டீங்க?" என்றார் போனில் டாக்டர்.

"அஞ்சு... ஆறா இருக்கலாம்."

உடனே கொண்டுவரச் சொன்னார். இரண்டு நாள் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். ஐந்தா ஆறா என்பது எனக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை.