காந்தி மார்க்கெட் சுவரில் நின்றவர்

அந்த நடைக்கு என் பெயரைப் பதிவு செய்தது என் மகள். சென்னையில் கல்லூரியில் படிக்கிறவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஆரம்பித்து இரண்டு மணி நேரம், திருச்சியின் சுவர் ஓவியங்களை ஒருவர் கூடவே வந்து காட்டி விளக்குவாராம். இருபது வருஷமாக இதே ஊரில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். நான் பார்க்காத சுவர் இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"பாத்திருப்பீங்கம்மா, நின்னு பாத்திருக்க மாட்டீங்க" என்றாள்.

மொத்தம் ஒன்பது பேர் வந்திருந்தோம். கூட்டிப்போனவள் கட்டடக்கலை படிக்கும் பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். மேம்பாலத் தூண்களில் இருந்த மீன்களையும் மயில்களையும் காட்டினாள். ஒரு பள்ளிக்கூட மதிலில் சைக்கிள் ஓட்டும் பெண்களைக் காட்டினாள். எந்த ஓவியத்துக்கு எத்தனை நாள் ஆனது, மழையில் எது முதலில் உரிந்தது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தாள். வந்தவர்கள் எல்லோரும் கலகலவென்று பேசிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நானும் மகளும் காலைச் சாப்பாட்டை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் ஒரு சந்து. மூட்டை இறக்கும் சத்தமும் லாரி ஹாரனும் அதுவரை காதை அடைத்தன. சந்துக்குள் நாலு அடி வைத்ததும் யாரோ கதவைச் சாத்தியது போல எல்லாம் அடங்கின. ஒரு பழைய கிடங்கின் பின்சுவர் முழுக்க, மரப்பட்டை நிறத்தில், அந்தக் கால மார்க்கெட்டை வரைந்திருந்தார்கள். மூட்டை சுமக்கிறவர்கள், மாட்டு வண்டி, கூடைக்காரப் பெண்கள், தராசு பிடிக்கும் ஒருவர். எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். வலது ஓரத்தில் ஒரு கல்தூணில் கை வைத்து நின்ற இளைஞன் மட்டும் எந்த வேலையும் செய்யவில்லை. அவன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "எவ்வளவு பேசிக்கிட்டு வர்ற குரூப்பா இருந்தாலும் இங்க வந்ததும் சத்தம் கொறஞ்சிடும். ஏன்னு எனக்குத் தெரியல."

உண்மைதான். ஒன்பது பேரும் வாயை மூடியிருந்தோம். மகள் சுவரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டு, எங்கே போனாலும் அவன் கண் கூடவே வருகிறது என்றாள். தட்டையான பரப்பில் நேராகப் பார்ப்பது போல வரைந்த எந்தக் கண்ணும் அப்படித்தான் தெரியும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். வகுப்பில் பல தடவை சொன்ன விளக்கம் அது. பாதியில் எனக்கே குரல் நின்றுவிட்டது. அவனுடைய இடது கண்ணின் இமை கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

என் இடது இமையும் அப்படித்தான். தூக்கம் கெட்டால் இன்னும் தாழும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இல்லை, அண்ணனுக்கு இல்லை, எனக்கு மட்டும்தான். மகள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அன்று வழியில் எங்கும் சாப்பிடவில்லை.

அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்போம். என் அத்தாவின் முகம் எனக்குத் தெரியாது. எனக்கு மூன்று வயதாகும் முன்பே அவர் வளைகுடாவில் மவுத்தாகிவிட்டார். நெஞ்சுவலி என்று தந்தி வந்ததாம். ஜனாஸா தொழுது அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டும் அதில் இருந்த படமும் அங்கேயே போயின. வீட்டில் மிச்சம் இருந்த ஒரே ஒரு சின்னப் படத்தை, நான் விவரம் தெரிந்து கேட்பதற்குள், அலமாரியில் கரையான் அரித்துவிட்டது. அவர் போட்டோவுக்கு நிற்கவே மாட்டார், வெட்கப்படுவார் என்று மட்டும் அம்மா சொல்லியிருக்கிறாள். வேறு எதைக் கேட்டாலும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அம்மா லால்குடியில் அண்ணனோடு இருக்கிறாள். அன்று மத்தியானம், ஏன் செய்கிறேன் என்று யோசிக்காமலே, காலையில் எடுத்த சுவர்ப் படத்தை அவளுக்கு அனுப்பினேன். "இவரைத் தெரியுதாம்மா?" என்று கேட்கவில்லை. ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பார்த்துவிட்டாள் என்று நீலக்குறி காட்டியது. பதில் இல்லை. மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது போன் வந்தது.

"அந்தப் படத்த எங்க எடுத்த?"

சொன்னேன். 

"வாட்ச வலது கையில கட்டியிருக்காரு பாரு. இடது மணிக்கட்டுல தீக்காயம், அதுல பட்டை உரசும். உங்க அத்தாதான்."

அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தெரிந்தது, வெளிநாடு போவதற்கு முன்னால் அவர் காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் எடை போடுகிறவராக இருந்தார் என்று. இருபது வருஷமாக அந்த மார்க்கெட்டில் காய் வாங்கியிருக்கிறேன். அவர் நின்ற இடத்தை எத்தனை தடவை கடந்திருப்பேன்.

நடையை நடத்திய பெண்ணிடம் கேட்டு ஓவியரின் எண்ணை வாங்கினேன். அவர் ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியை ஒட்டிய சந்தில் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போனேன். முப்பது வயதுக்காரர். கல்யாண மேடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் வரைகிறார், வீடு முழுக்க பெயின்ட் டப்பாக்கள். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எந்த ஓவியம் என்று சொன்னதும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

ஒரு பழைய மண்டிக்காரர் வீட்டில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்து, அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சுவரில் ஏற்றியதாகச் சொன்னார். அந்தப் புகைப்படத்தின் பிரதி அவர் போனில் இருந்தது. வண்டி, கூடைகள், தராசு எல்லாம் அப்படியே இருந்தன. வலது ஓரத்தில் தூண். தூணில் ஒரு கை. வலது கையில் வாட்ச். வெள்ளைச் சட்டை. கழுத்துக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு.

"முகமே இல்லக்கா" என்றார். "படம் எடுக்கிற நேரத்துல தலைய ஆட்டிட்டாரு போலருக்கு. வெயில் வேற."

நான் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நிழல்கூட இல்லை. வெறும் வெளுப்பு.

பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். முதலில் தன் மாமாவின் முகத்தை அந்த உடம்பில் வைத்தாராம். பொருந்தவில்லை. அழித்துவிட்டு ஒரு நண்பனின் முகத்தை வைத்தார். அதுவும் ஒட்டவில்லை. மூன்றாவது தடவை மனசிலிருந்தே வரைந்ததையும் அழித்தார். நான்காம் நாள் மதியம், கூட வேலை செய்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சாரத்தில் தனியாக உட்கார்ந்து தூரிகையை வைத்தவருக்குக் கை நிற்கவே இல்லை. யோசிக்காமல் வந்துகொண்டே இருந்தது. இடது இமை தாழ்ந்து வந்தபோது தப்பு என்று தெரிந்ததாம், திருத்தக் கையைக் கொண்டுபோனாராம், முடியவில்லையாம்.

"கீழ எறங்கி நின்னு பாத்தேன். யாரோ ஒருத்தரு போதும்பான்னு சொன்ன மாதிரி இருந்திச்சு. அதுக்கப்புறம் அந்தச் சந்துப் பக்கம் நான் போறதில்ல."

அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு எனக்கு. அவர் பார்வை என் இடது கண்ணில் தங்கியது. போனைத் திருப்பி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். யார் அவர் என்று கேட்டார். என் அத்தா என்றேன்.  வெளியே கோபுரத்துப் புறாக்கள் ஒருசேரக் கிளம்பிய சத்தம் கேட்டது. அவர் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார், நானும்தான்.

பாலத்தில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஆசிரியைப் புத்தி. வாட்ச் கட்டிய கை என் அத்தாவுடையதாக இருக்கலாம். அது புகைப்படத்தில் இருக்கிறது, அதற்குக் காரணம் உண்டு. அந்த முகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. ஆயிரக்கணக்கான முகங்களில் ஒன்று தற்செயலாக ஒத்துப்போகும் என்று சொல்லிக்கொண்டேன். அப்படித்தான் இருக்கும். ஆனாலும் அந்த வாரம் மூன்று தடவை சந்துக்குப் போனேன். என் அத்தா என்னைவிட இருபது வயது இளையவராக நின்றுகொண்டிருந்தார். எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று பார்ப்பேன். எதிரில் ஆள் இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியுமே, அந்த உணர்வு ஒவ்வொரு தடவையும் வரும். ஒரு தடவை திரும்பி நடக்கும்போது, சொல்லாமல் போகக்கூடாது என்று தோன்றி, "போயிட்டு வரேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயந்துபோய் வேகமாக நடந்தேன்.

மூன்றாவது வாரம் அம்மா வந்தாள். மூட்டுவலிக்காரி, காலை ரயிலில் தனியாகவே வந்து இறங்கினாள். ஸ்டேஷனிலிருந்து நேராக அங்கேதான் போக வேண்டும் என்றாள். ஆட்டோவைச் சந்து முனையில் நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். சுவரை நெருங்கும்போது என் கையை விட்டாள். முக்காட்டைச் சரிசெய்தாள். மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். அவர் போகும்வரை காத்திருந்துவிட்டு, அந்த இளைஞனைப் பார்த்து, வீட்டில் பேசுகிற குரலிலேயே பேசினாள்.

"இவ்வளவு நாளா இங்கயா நின்னுக்கிட்டு இருந்தீங்க?"

 சுவர் பதில் சொல்லிவிடுமோ என்று ஒரு கணம் நிஜமாகவே பயந்தேன். அம்மா வெகுநேரம் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"போகலன்னுதான் சொன்னாரு. மண்டி வேல போதும், இருக்கறத வச்சுப் பாத்துக்கலாம்னாரு. நாந்தான் சண்ட போட்டு அனுப்புனேன். பக்கத்து வீட்டுல எல்லாரும் போறாங்கன்னு."

என் நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாக அம்மா அழுவதைப் பார்த்தேன். சத்தமே இல்லை. முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த முகத்தை அழித்துவிடச் சொல் என்றாள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டோவில் ஏறியதிலிருந்து வீடு வரைக்கும் தர்க்கம் செய்தேன். எனக்கு அவர் கிடைத்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதைப் பறிக்காதே என்றுகூடச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சோற்றில் கை வைத்தபடி ஒன்று மட்டும் சொன்னாள்.

"ரோட்டுல நிக்கிறாரும்மா. வெயில்லயும் மழையிலயும். வீட்டுக்கும் வர முடியல, போய்ச் சேரவும் முடியல. ஒரு தடவ அனுப்புனது தப்பு. இந்தத் தடவ அனுப்பாட்டித் தப்பு."

ஓவியரிடம் போனில் சொன்னபோது அவர் காரணம் கேட்கவில்லை. கிடங்குக்காரரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணியோடு வந்தார். அழித்துவிட்டு என்ன முகம் வைப்பது என்று அம்மாவிடம் கேட்டார். போட்டோவில் எப்படி இருக்கிறதோ அப்படியே வைத்துவிடுங்க என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் கலந்தார். கண்களிலிருந்து ஆரம்பித்தார். அதைச் செய்யும்போது அவர் தன் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டதைக் கவனித்தேன். கண்கள் போன பிறகு வாய் மட்டும் மிச்சம் இருந்தது. அது பேச வருவது போல இருந்தது. அம்மா துஆ ஓதிக்கொண்டிருந்தாள், உதடுகள் மட்டும் அசைந்தன. நான் தரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது வெள்ளைச் சட்டைக்கு மேலே வெயில் விழுந்தது போல ஒரு வெளிச்சம்தான் இருந்தது. ஓவியர் இறங்கி வந்து கையைக் கழுவினார், மறுபடி மறுபடி கழுவினார். கூலி எதுவும் வாங்கவில்லை.

நான் எடுத்த படம் என் போனில் இருக்கிறது. அம்மாவுக்கு அது தெரியும். அவள் தன் போனில் இருந்ததை ஊருக்குக் கிளம்பும் முன்பே அழித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளிடம் ஒரு மாற்றம். தினமும் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்துக்குப் போன் செய்து, அவரைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொல்கிறாள். வெல்லம் போட்ட டீதான் குடிப்பாராம். மழை பெய்தால் குடை இருந்தும் விரிக்கமாட்டாராம். நான் பிறந்த அன்று என்னைத் தூக்கத் தெரியாமல் தலையணையோடு சேர்த்துத் தூக்கினாராம். நாற்பது வருஷம் ஒரு வார்த்தை பேசாதவளுக்கு இவ்வளவும் எங்கே இருந்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது. சில சமயம் வேறொன்றும் தோன்றும். இவற்றில் எது நினைவிலிருந்து வருகிறது, எது அன்று சாரத்தில் அந்த ஓவியருக்கு வந்தது போலத் தானாக வருகிறது என்று. கேட்க மனசு வரவில்லை. நேற்று, அவருக்கு ஆட்டைக் கண்டால் பயம் என்றாள்.