மாமிக்கோ, பிள்ளைக்கோ

கணவர் வெளிநாட்டுக்குப் போகுமுன் வாங்கித் தந்த மின்சார மோட்டார் சைக்கிளில்தான் மகளை முன்பள்ளிக்கு ஏற்றிப்போவேன். ஒவ்வொரு பள்ளமும் அவளைத் தூக்கிப் போடும்.

“பின் ஸ்பிரிங் ரெண்டு பெரிய ஆக்களுக்கு இறுக்கியிருக்கு, தங்கச்சி” என்று சொல்லி, கோப்பாயில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராச் வைத்திருப்பவர் அதைத் தளர்த்திவிட்டார். அன்று மகள் வழி முழுக்கப் பாடினாள்.

மாலையில் மாமியைக் கோயிலுக்கு ஏற்றினேன். முதல் பள்ளத்திலேயே பின்சில்லு மேலெழும்பி மட்காட்டில் இடித்தது.

“உந்த ஸ்பிரிங்கை ஆர் தொடச் சொன்னது? மகன் சரியாத்தானே வச்சிட்டுப் போனவன்” என்றார் மாமி.

மறுநாள் மகளோடு திரும்பவும் கராச்சுக்குப் போய், மாமியை ஏற்றியபோது இடித்ததைச் சொன்னேன்.

“இப்ப பிள்ளைக்கோ, மாமிக்கோ?” என்று அவர் சிரித்தார்.

“மாமிக்கு, அண்ணை.”

இறுக்கித் தந்தார். திரும்பும் வழியில் மகளின் பாட்டு பள்ளத்துக்குப் பள்ளம் உடைந்தது. இரண்டுக்கும் நடுவில் வைக்க முடியுமா என்று கேட்டிருக்கலாம். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அது தோன்றியது. அங்கே மாமி கோயிலுக்குப் போக வெளிக்கிட்டு நின்றார்.