சுருதி இறங்கிய பெட்டி

கீபோர்ட் வாசிப்பவர்களில் எனக்குப் பிடித்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேரின் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. கப்பலில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் இருந்தவர்கள் அவர்கள். மேலட்டை உப்புக்காற்றில் அழிந்துபோயிருந்தது. ஒருவர் சுரத்தைக் கீழேயிருந்து தொட்டு மெல்ல மேலே இழுப்பார். இன்னொருவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அது நடுங்குகிற வரைக்கும் விடமாட்டார். மூன்றாவது ஆள் என் அண்ணன்.

விரல் வேகத்தைக் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பத்து விரலும் பறக்கும், முடிந்தபின் நெஞ்சில் ஒன்றும் தங்காது. டைப்ரைட்டிங் பரீட்சைக்கா வந்திருக்கிறார்கள்? அந்தக் காலத்து சிந்தசைசரில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். அந்த ஒன்றை அழவைக்கத் தெரிய வேண்டும். இந்த விஷயத்தில் என்னோடு வாதாட வருகிறவர்களுக்கு நான் டீ கூடக் கொடுப்பதில்லை.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் போர்ட் பிளேரில், ஷாதிபூரில் இருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வயர்மேன் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தீவில் கரண்ட் என்றால் டீசல், டீசல் என்றால் கப்பல். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரத் தாமதமானால் பாதி ஊர் இருட்டில் கிடக்கும். அதனால் ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் அப்பாவுக்கு வயிறு எரியும். "டீசல் என்ன நம்ம கெணத்துலயா ஊறுது?" என்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் காலியாக இருக்கும் அறைகளில் எல்லாம் நுழைந்து அணைத்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். அவர் தெருவில் வருவதைப் பார்த்தால் எதிர்வீட்டு பெங்காலி மாசி, "பந்த் கரோ, வயர்மேன் ஆ கயா!" என்று விளக்கை அணைக்கச் சொல்லி வீட்டுக்குள் பார்த்துக் கத்துவாள். நாங்களும் அப்படியே வளர்ந்தோம்.

முருகன் கோயில் பஜனையில் அண்ணன் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தான். அந்தக் கேசட்டைக் கேட்ட நாளிலிருந்து அவனுக்கு ஆர்மோனியம் கசந்துவிட்டது. ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குத் தாவலாம், நடுவில் இருப்பதைத் தொட முடியாது. கட்டையைப் பாதி அழுத்தி, துருத்தியை மெல்ல விட்டு, சுரத்தை வளைக்கப் பார்ப்பான். அது ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுக்கும். பஜனைக்காரர்கள் முறைப்பார்கள்.

அப்பா அவனுக்கு வடக்கே லாங் ஐலண்ட் தீவில் ஒரு சர்க்கார் வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார். அதற்காக அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. பொங்கல் முடிந்த மறுநாள் காலை போட்டில் அண்ணன் போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பொங்கலுக்குத்தான் மெட்ராஸிலிருந்து ஒரு இசைக்குழு வந்தது. வரும் வழியில் கடல் ஆட்டத்தில் கப்பலின் இரும்புக் கதவு அறைந்து சாத்தி, அவர்களுடைய சிந்தசைசர்க்காரரின் விரல்கள் நசுங்கிவிட்டன. கட்டுப்போட்ட கையோடு இறங்கினார். பெட்டி இருக்கிறது, வாசிக்க ஆள் இல்லை. கோயில்காரர்கள் அண்ணனைக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். பெட்டியின் இடது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. அதைத் தள்ளினால் சுரம் மேலே ஏறும், இழுத்தால் இறங்கும். அண்ணன் அதைத் தொட்ட நாளில் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "புள்ள, நடுவுல இருக்கறது எல்லாம் அதுக்குள்ள இருக்கு" என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

குழுவின் தலைவர் வெளிப்படையான மனிதர். "பொங்கல் கச்சேரியைப் பாக்கறேன் தம்பி. சரியா வந்தா மறுநாள் எங்க கூடவே கப்பல் ஏறு. வரலைன்னா மனசுல வெச்சுக்காதே" என்றார். மறுநாள் காலை லாங் ஐலண்ட் போட். மறுநாள் மத்தியானம் மெட்ராஸ் கப்பல். அவன் எதில் ஏறுவான் என்பதைக் கச்சேரியின் கடைசிப் பாட்டு முடிவு செய்யும். அதன் நடுவில் சிந்தசைசர் தனியாக வாசிக்க வேண்டிய ஒரு நீண்ட இடம் இருந்தது.

அப்பாவுக்குத் தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது.

"சர்க்காரி நௌக்ரி வேண்டாம், கூத்தாடப் போறேங்கியா?"

"கூத்து இல்லப்பா."

"பின்ன என்னலே? அந்தப் பொட்டி சோறு போடுமா?"

"போடும்."

"போடட்டும் பாப்போம்" என்று அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். அந்த வார்த்தை எனக்கு மிரட்டலாகவே கேட்டது. ஏனென்றால் கச்சேரி மேடைக்கு வயரிங் செய்தவர் அப்பாதான். ஒவ்வொரு பிளக்கும் அவர் கையில் இருந்தது.

கை நசுங்கியவர் அண்ணனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன புத்தி ஒன்றே. பெட்டி குளிர்ந்திருந்தால் சுருதி நிற்காது. விளக்கு வைக்கும் நேரத்திலேயே போட்டுவிட வேண்டும், சூடேறிய பிறகுதான் சுருதி சேர்க்க வேண்டும், கச்சேரி முடியும்வரை அணைக்கக் கூடாது. அண்ணன் அப்படியே செய்தான். ஆனால் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

எங்கள் ஊர்க் கச்சேரி என்றால் எல்லோருக்கும் ஒரு பாட்டாவது பாட வேண்டும். பெங்காலிக்கு ஒன்று, தெலுங்குக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று, இடையிடையே ஹிந்தி. இல்லாவிட்டால் கூட்டம் எழுந்து போய்விடும். அண்ணன் எல்லாவற்றிலும் துணைக்கு நின்று வாசித்தான். கடைசித் தமிழ்ப் பாட்டுக்கு முன்னால் ஒரு பெரிய அதிகாரி பேச மேடையேறினார். வாசிப்பவர்கள் இறங்கி டீ குடிக்கப் போனார்கள். அதிகாரி மேடை ஓரத்து மைக்கில் ஹிந்தியில் தீவின் முன்னேற்றத்தை நீட்டி முழக்கினார். கடல்காற்று மேடைத் துணியை அடித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் திரும்பி வந்து பெட்டியின் முன் நின்றதும் அவன் முகம் மாறியது. பெட்டியில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. குனிந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனான். மேடைக்குப் பின்னால் அப்பா வைத்த பலகையில் அந்த ஸ்விட்ச் மட்டும் அணைந்திருந்தது. பக்கத்தில் அப்பா நின்றிருந்தார்.

"ஆள் இல்லியேன்னு அமத்துனேன்" என்றார். "கை தானா போச்சு."

நான் பெண்பிள்ளை, பெரியவர்கள் சுற்றி நிற்கிறார்கள் என்பதெல்லாம் மறந்துவிட்டது. "பொய்! வேணும்னுதான் அமத்துனீங்க!" என்று கத்தினேன். அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. அண்ணன் அவரை ஒரு தடவை பார்த்தான், ஸ்விட்சைப் போட்டான், மேடைக்குப் போனான். கைதட்டலோடு அதிகாரி இறங்கிக்கொண்டிருந்தார். சூடேறவும் நேரமில்லை, சுருதி சேர்க்கவும் நேரமில்லை.

பாட்டு தொடங்கியது. அந்த இடம் வந்தபோது அண்ணன் முதல் கட்டையைத் தொட்டான். சுரம் வெட்கக்கேடாகக் கீழே கிடந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கை நசுங்கியவர் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணனின் இடது கை சக்கரத்துக்குப் போனது. கீழே கிடந்த சுரத்தைத் தள்ளித் தள்ளி அதன் இடத்துக்கு ஏற்றினான். அடுத்ததும் இறங்கியே வந்தது, அதையும் ஏற்றினான். பெட்டி சூடேற ஏறச் சுருதியும் நகர்ந்துகொண்டே இருந்தது. எந்தச் சுரம் எங்கே போய் நிற்கும் என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வொன்றையும் காதால் தேடி, கையால் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்திருந்த வேகமான இடங்களை அவன் விட்டுவிட்டான். துரத்திப் பிடிக்க முடிந்த நாலைந்து சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு சுரம் அவனிடமிருந்து நழுவி, நடுங்கி, கடைசியில் இடம் சேர்ந்தபோது பெங்காலி மாசி "ஆஹா" என்று வாய்விட்டுச் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. கேசட்டில் இருந்த இரண்டு பேரும் அவ்வளவு பயந்து வாசித்திருக்க மாட்டார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

தலைவர் மேடையிலேயே அவன் தோளைப் பிடித்தார். லாங் ஐலண்ட் போட் மறுநாள் அவனில்லாமல் போனது. மத்தியானம் ஜெட்டிக்கு அப்பாதான் டிரங்குப் பெட்டியைத் தூக்கிவந்தார். அண்ணன் அதை முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். "வாரேன்" என்று அம்மாவிடமும் என்னிடமும் சொன்னான். கப்பலின் கயிறு அவிழ்கிற வரைக்கும் அப்பா நின்றார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். இருவரும் கூப்பிடவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அண்ணனின் கடிதங்களில் அம்மா உடம்பைப் பற்றி விசாரிப்பு இருக்கும், எனக்குக் கிண்டல் இருக்கும். அப்பாவைப் பற்றி ஒரு வரி இருக்காது. நானும் அப்பாவோடு அளந்துதான் பேசினேன். வேண்டுமென்றே செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மகன் பிழைப்பில் மண் அள்ளிப் போடப் பார்த்தவர் என்றே அவரை நினைத்தேன்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு முறை அண்ணன் தான் வாசித்த பாட்டுகளைப் பதிந்த கேசட்டை எனக்கு அனுப்பினான். கொஞ்ச நாள் கழித்து அப்பாவே ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கிவந்தார். யாருக்கு என்றும் சொல்லவில்லை.

ஒரு மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறேன். தெருவிலேயே சிந்தசைசர் கேட்டது. கீழேயிருந்து தொட்டு மேலே ஏறும் சுரம், வேறு யாராக இருக்க முடியும்? கதவு திறந்திருந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். முன்னறையில் யாரும் இல்லை, டேப் ரிக்கார்டர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றினேன், பையை வைத்தேன், நேராகப் போய் அதை அணைக்க ஸ்விட்சில் கை வைத்துவிட்டேன். ஓடுவது என் அண்ணன் வாசிப்பு. அது எனக்குத் தெரியும். அப்படியும் கை தானாகப் போயிருந்தது.

கையை எடுக்கவும் தெரியாமல் அப்படியே நின்றேன். கொல்லையில் பாக்குமரத்தடியில் உட்கார்ந்திருந்த அப்பா, திறந்திருந்த பின்கதவு வழியாக என்னைப் பார்த்துவிட்டார்.

"அமத்தாத புள்ள" என்றார். "அங்க ஆள் இருக்கு."