காலையில் கிளம்பாத அம்பாசிடர்

என் கணவர் ராஜராஜனுக்கு ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. சிமெண்டில் குறை கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளமே. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாம்பாரில் குறை, சன்னல் கொக்கியில் குறை, என் தம்பி பேச்சில் குறை. தன்னிடம் மட்டும் இந்த இருபத்து நான்கு வருடத்தில் ஒன்றுகூட அவருக்கு அகப்படவில்லை. "என் தப்பு" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவர் குறை சொல்லாத பொருள் ஒன்று உண்டு. எண்பத்து நான்காம் வருடத்து அம்பாசிடர். குறை சொல்லாத ஆளும் ஒருவர் உண்டு. அரியலூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் வீரமணி அண்ணன். பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

ஆயுத பூஜை முடிந்து மழை பிடித்ததிலிருந்து வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருகினால் இருமும், அவ்வளவுதான். இவர் போன் போடுவார். அண்ணன் ஷெட் வேலையை விட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு வந்து சாவியைத் திருகினால் உடனே கிளம்பிவிடும். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணன் பொறிக்குக் கரண்ட் ஏற்றிக் கொடுக்கும் காயிலை மாற்றினார். பிறகு கண்டென்சர். பிறகு பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி. ஆயுத பூஜையில் பழையதற்கு வைத்தது போலவே ஒவ்வொரு புதுச் சாமானுக்கும் நான் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தேன். காஸ் ரெகுலேட்டருக்கே பொட்டு வைக்கிற வீடு எங்களுடையது. மறுநாள் காலை வண்டி பழையபடி இருமும்.

மூன்றாம் தடவை இவர் நேராக ஷெட்டுக்குப் போனார். நானும் கூட இருந்தேன். வேலை செய்யும் ஆட்கள், காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால், "டூப்ளிகேட் சாமானப் போட்டுட்டு ஒரிஜினல்ங்குற. திருட்டுப் பொழப்புடா இது" என்றார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் சாப்பிட வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. இவர் கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். தட்டில் பாதிச் சோறு மிச்சம். "போன் பண்ணுங்களேன்" என்றால், "அவன் பண்ணட்டும்" என்பார். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், பரிதாபம் ஒரு பக்கம்.

மார்கழி பிறந்தது. ஒரு நாள் விடியுமுன் இவர் சாவியைத் திருக, நான் பானெட்டுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். டார்ச் செத்துப்போனது. அந்த இருட்டில்தான் பார்த்தேன். பனியில் நனைந்திருந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் நீலநிறமாய் ஒரு பொறி ஓடியது. ஒயருக்கு ஒயர், நான் வைத்த பொட்டுகளின் வழியாகவே ஓடியது. பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட் ஈரச் சந்தனத்தில் போய்க்கொண்டிருந்தது.

காய்ந்த துணியால் மூடியைத் துடைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது. இறங்கி வந்தவரிடம் பார்த்ததைச் சொன்னேன்.

"பொட்டு வச்சது யாரு?" என்றார்.

"நான்தான். என் தப்புதான்" என்றேன். சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "வாங்க, அண்ணன்கிட்ட போய்ச் சொல்லிட்டு வருவோம்."

ஷெட்டில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் மூடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பொட்டு இருந்தத நானும் பாத்தேன் தங்கச்சி. சாமி சமாச்சாரம், துடைக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். வெயில் ஏறி ஈரம் காஞ்ச பொறவு வந்தா எனக்கு எங்க தெரியும்?"

"எல்லாம் என்னாலதாண்ணே."

"பொட்டு வச்சது நீ. சரி. திருடன்னு சொன்னது நீ இல்லியே."

ஷெட்டில் தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் நின்றது. அண்ணன் இவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இவர் தொண்டையைச் செருமினார். அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"காயில் கொஞ்சம் சூடாவுற மாதிரி இருக்கு" என்றார் என் கணவர்.

"நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் திரும்பி, ஜாக்கியில் நின்ற வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

இவர் வண்டியில் ஏறினார். நானும் ஏறினேன். சாவியைத் திருகியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதமாக அது கிளம்ப வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. அன்றைக்கு மட்டும் அது கிளம்பித் தொலையாமல் இருந்திருந்தால், அண்ணனைக் கூப்பிட இவருக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.