ஜன்னலோரத்து வேலம்பாசி

போடிமெட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். கல்யாணமாகி மலைக்கு வந்த என் மனைவி, குளிருக்கும் தனிமைக்கும் நெடுநாள் அழுதாள். ஒருமுறை பிறந்த ஊரான வேலந்தாவளம் போய்வந்தபோது, குளத்து நீருக்கடியில் வளரும் வேலம்பாசிக் கொடியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். பிறகு அழவில்லை.

துரை பங்களாவில் கழித்துப்போட்ட கண்ணாடி ஜாடியில் ஆற்று மணலைப் பரப்பினாள். தண்டை விரல் நீளத்துக்குக் கிள்ளி, கணு மணலுக்குள் இருக்கும்படி ஊன்றி, மிதந்துவிடாமல் ஒரு கூழாங்கல்லைச் சாய்த்து வைப்பாள். வேறு பாடுபட வேண்டியதில்லை. ஜன்னல் வெயில் பட்டால் போதும், கணுவில் வெள்ளையாக வேர் விட்டுவிடும். நுனி தண்ணீர் மட்டத்தைத் தொட்டதும் கிள்ளி, அதையும் பக்கத்திலேயே ஊன்றுவாள். காலையில் இலைகளிலிருந்து காற்றுக் குமிழ்கள் ஏறும். ஓடையில் பிடித்த மீன்குஞ்சுகள் நடுவே ஓடும்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் போகக் கூடாது என்று அவளைத் தடுத்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவரும், தேயிலை பறிக்கும் கொழுந்துக்காரி ஒருத்திதான் அவளுக்குப் பேச்சுத்துணை. மிஞ்சிய தண்டுகளை என் மனைவி அவளுக்குக் கொடுப்பாள்.

காய்ச்சல் பரவிய வருஷம், தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டச் சொல்லித் துரை உத்தரவிட்டார். அதை நடத்திவைப்பது என் பொறுப்பு.

"ஏனுங்க, கொசுப்புழுவ மீனு தின்னுபோடுமுங்க. உங்க துரையவிட நல்லா வேலை செய்யுதுங்க" என்று என் மனைவி சிரித்தாள்.

அது எனக்கும் தெரியும். ஆனால் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் தனிச் சட்டமா என்று ஒருவரும் கேட்டுவிடக் கூடாது. ஜாடியை முற்றத்தில் கவிழ்த்தேன்.

மறுநாள் கொல்லைப்புறத்தில் கொழுந்துக்காரியின் குரல் கேட்டது. "அழுகாதீக தாயி. எஞ்சட்டியில கொஞ்சம் ஒளிச்சு வச்சிருந்தேன். இந்தாங்க."

உள்ளிருந்து கேட்ட நான், கொழுந்துக்காரி உத்தரவை மீறியதைத் துரையிடம் போய்ச் சொன்னேன். வேலைப் பதிவேட்டில் பேரை வெட்டி அவளை மலையிறக்கிவிட்டார்கள். அந்த வாரமே என் மனைவியும் பிறந்த ஊருக்குப் போய்விட்டாள்.

சில மாதம் கழித்து அழைக்கப் போனேன். மாமனார் மோர் கொடுத்தார். "மாப்பிள்ளைங்க, புள்ள வரலீங்கறா. நீங்களே பேசிப் பாருங்க."

அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்: "அந்த அக்காளுக்கு மறுபடி வேலை குடுத்துட்டீங்களா?"

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துரை சேர்த்துக்கொண்டிருப்பார். அவர்முன் என் தவறை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் கேட்கவே இல்லை.

"இல்லை" என்றேன்.

"சரிங்க" என்று உள்ளே போனாள். மாமனாருக்கு முன்னால் மோரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன். அவள் கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தாள். நான் மறுபடி போகவில்லை. அந்தக் கொழுந்துக்காரியைத் தேடவும் இல்லை.